வீட்டு லேத்தில் மரை வெட்ட: எந்தக் கியரை எங்கே மாட்டுவது?

புனேயில் லேத் ஒன்றும் அதிசயப் பொருள் இல்லை. போசரி, பிம்ப்ரி, சாக்கன் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்பு கடையும் சத்தம் கேட்கும். காட்கி, தேஹு ரோடு பக்கம் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் தொழிற்சாலை வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருப்பார்கள். இப்போது அந்த லேத்தே சுருங்கி, சுமார் 40 கிலோ எடையில், பால்கனிக்கும் கார் நிறுத்தும் இடத்துச் சின்ன அறைக்கும் வந்துவிட்டது. உருட்டுக் கம்பியைக் கடைவதும் முகம் தட்டுவதும் சில வாரங்களில் கைவந்துவிடும். மரை வெட்டலாம் என்று கூடவே வந்த கியர்களைப் பரப்பி வைத்ததும்தான் பலருக்குக் கை நின்றுபோகிறது. ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் கணக்குக்கு முன்னால் சில சோதனைகளும், பின்னால் சில எச்சரிக்கைகளும் உண்டு.

1. விற்றவர் சொன்னதையோ பெட்டியில் ஒட்டிய தாளையோ நம்பி லீட் ஸ்குரூவின் பிட்ச் இதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே உருவத்தில் வரும் சின்ன லேத்துகளில் 1.5 மி.மீ. பிட்ச் உள்ளதும் உண்டு, அங்குலத்துக்கு 16 மரை உள்ளதும் உண்டு. சோதிப்பது எளிது. மேலும் கீழும் ஒரே பல் எண்ணிக்கையுள்ள கியர்களை (40-க்கு 40) மாட்டி, நடுவில் ஏதாவது ஒரு ஐட்லர் வையுங்கள். ஹாஃப் நட்டை மூடி, சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றித் தொய்வை எடுத்துவிடுங்கள். அங்கிருந்து சரியாக 10 சுற்று. கேரேஜ் நகர்ந்த தூரத்தை வெர்னியரில் அளந்தால் 15 மி.மீ. என்றால் 1.5 பிட்ச், 15.9-க்குச் சற்றுக் கீழே என்றால் 16 மரை. 7.5 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: ஸ்பிண்டிலுக்கும் முதல் கியருக்கும் இடையே பாதியாகக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது கீழே வரும் எல்லாக் கணக்கையும் இரண்டால் பெருக்கிக் கொள்ள வேண்டும்.

2. கணக்கு ஒரே வரிதான். டிரைவர் கியரின் பல்லை டிரிவன் கியரின் பல்லால் வகுத்தால் வருவதும், வெட்ட வேண்டிய பிட்ச்சை லீட் ஸ்குரூ பிட்ச்சால் வகுத்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிண்டில் பக்கம் இருந்து ஓட்டுவது டிரைவர். லீட் ஸ்குரூ பக்கம் ஓட்டப்படுவது டிரிவன். எம்8 போல்ட்டின் பிட்ச் 1.25. லீட் ஸ்குரூ 1.5 என்றால் 1.25-ஐ 1.5-ஆல் வகுக்க 5/6. மேலும் கீழும் 10-ஆல் பெருக்கினால் 50/60. மேலே 50, கீழே 60, நடுவில் ஒரு ஐட்லர். முடிந்தது.

3. லீட் ஸ்குரூ 1.5 மி.மீ. உள்ளவர்களுக்கு, அடிக்கடி தேவைப்படும் பிட்ச்சுகள் இவை. இரண்டு ஜோடி உள்ள இடங்களில் முதலில் சொல்வது ஸ்பிண்டில் பக்கத்து ஜோடி.
எம்3 (0.5): 30/45, 40/80.
எம்4 (0.7): 35/50, 40/60.
எம்5 (0.8): 30/50, 40/45.
எம்6 (1.0): 40/60.
எம்8 (1.25): 50/60.
எம்10 (1.5): 40/40.
எம்12 (1.75): 35/30.
எம்16 (2.0): 40/30 அல்லது 80/60.
இதை ஒரு தாளில் எழுதி, கியர் மூடியின் உட்புறம் ஒட்டி, மேலே செல்லோடேப் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் கையோடு கைபேசியைத் தேட வேண்டியிருக்காது.

4. இரண்டு ஜோடி மாட்டும்போது (காம்பவுண்ட் என்பார்கள்) விடை சரியாக இருந்தும் கியர் உட்கார மறுக்கும். நடுத் தண்டில் இருக்கும் பெரிய கியர் பக்கத்துத் தண்டில் போய் இடிக்கும். அதைத் தவிர்க்க ஐ.டி.ஐ. மாணவர்கள் படிக்கும் விதி ஒன்று உண்டு. முதல் ஜோடியின் இரு பற்களையும் கூட்டினால், அது இரண்டாம் டிரைவரைவிடக் குறைந்தது 15 கூடுதலாக இருக்க வேண்டும். அதேபோல இரண்டாம் ஜோடியின் கூட்டுத்தொகை முதல் டிரிவனைவிட 15 கூடுதலாக இருக்க வேண்டும். எம்4-ஐப் பாருங்கள்: 35-ம் 50-ம் 85, இரண்டாம் டிரைவர் 40. தாராளம். இடித்தால் டிரைவர் இரண்டையும் தங்களுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். பெருக்கல் மாறாது, இடம் கிடைக்கும்.

5. நடுவில் நிற்கும் ஐட்லருக்கு எத்தனை பல் இருந்தாலும் மரையின் பிட்ச் மாறாது. தூரத்தை நிரப்புவதும் திசையை மாற்றுவதும்தான் அதன் வேலை. ஆகவே பல் உடையாத, தேவையில்லாத எந்தக் கியரையும் அங்கே போடலாம். இன்னொரு ஐட்லர் சேர்த்தால் இடது மரை. சைக்கிளின் இடது பெடல் இடது மரைதான் என்பது சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய புனேக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

6. கியர் மாற்றும் முன் லேத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூடி திறந்திருக்கும்போது கை நழுவிச் சுவிட்சில் பட்டால் விரல்தான் போகும். கையுறை, துப்பட்டா, தொங்கும் வேட்டி நுனி, வளையல், மோதிரம் எதுவும் கூடாது.

7. வெட்டுவதற்கு முன் எதிரே சேரப்போகும் மரை எது என்று உறுதி செய்யுங்கள். பிட்ச் கேஜ் விலை குறைவான கருவி. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ரவிவார் பேட்டை ஹார்டுவேர் கடையில் "தீன் சூத்" போல்ட் என்று கொடுத்தால் அது நம் ஊர் மூணு நூல், அதாவது 3/8 அங்குலம். பார்வைக்கு எம்10 போலவே இருக்கும். பழைய விட்வொர்த் வகை என்றால் அங்குலத்துக்கு 16 மரை, பிட்ச் 1.5875, எம்10-க்கு 1.5. நட் இரண்டு சுற்று சுகமாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். அந்த இறுக்கம் வந்தால் ஸ்பேனரைத் தேடாதீர்கள், கேஜை எடுங்கள்.

8. இப்போது அங்குல மரைக்கு வருவோம். மெட்ரிக் லேத்தில் அங்குல மரை வெட்ட 127 பல் கியர் இல்லாமல் முடியாது என்று பலர் சொல்வார்கள். காரணம் உண்மையானது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதைப் பின்னமாக்கினால் 127/5. 127 பகா எண் என்பதால் அதைச் சின்னச் சின்னக் கியர்களாக உடைக்க வழியில்லை. துல்லியமாக வேண்டுமென்றால் 127 வேண்டும்தான். ஆனால் வீட்டில் நாம் வெட்டும் மரையில் பாதிக்கு மேல் அந்தத் துல்லியம் தேவையே இல்லை என்பது என் கட்சி. கணக்கை நீங்களே பாருங்கள்.

கேமரா முக்காலியின் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, பிட்ச் 1.27. லீட் ஸ்குரூ 1.5 என்றால் தேவையான விகிதம் 0.8467. கையில் உள்ள 55-ஐ மேலேயும் 65-ஐக் கீழேயும் போட்டால் 0.8462. கிடைக்கும் பிட்ச் 1.2692. ஒரு மரைக்கு 0.0008 மி.மீ. குறைவு. முக்காலித் திருகு கேமராவுக்குள் போவது நாலைந்து மரைதான். மொத்தப் பிழை 0.004 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மூன்று துண்டு கிராங்க் உள்ள சைக்கிளின் பெடலும் அங்குலத்துக்கு 20 மரைதான். அதே 55/65 அதற்கும் பொருந்தும்.

9. அரை அங்குலக் குழாய் மரை வீட்டில் அதிகம் கேட்கப்படுவது. தோட்டக் குழாய்க்கு அடாப்டர், வாஷிங் மெஷினுக்கு இணைப்பு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பி.எஸ்.பி. அளவில் அரை அங்குலம் என்பது உள்துளைக் கணக்கு. வெளிவிட்டம் 20.955 மி.மீ.; அங்குலத்துக்கு 14 மரை; பிட்ச் 1.814. முக்கால் அங்குலத்துக்கும் அதே 14 மரைதான். 1.5 லீட் ஸ்குரூவில் முதல் ஜோடி 55/35, இரண்டாம் ஜோடி 50/65 போடுங்கள். கிடைப்பது 1.813. எட்டு மரை நீளத்துக்குப் பிழை 0.009 மி.மீ.; டெஃப்லான் டேப் அதை விழுங்கிவிடும்.

இங்கே கியரைவிடக் கவனிக்க வேண்டியது டூலின் கோணம். மெட்ரிக் மரைக்கு 60 பாகை, பி.எஸ்.பி.க்கு 55. கியர் சரி, கோணம் தப்பு என்றால் நட் ஏறும், தண்ணீர் கசியும். ஆழம் 1.16 மி.மீ. கம்பெனிக் குழாய் முனைகளில் 16-க்கு 1 என்ற சரிவும் இருக்கும். தோட்டத்துக்கு நேர் மரை போதும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சமையல் காஸ் இணைப்பு எதற்கும் வீட்டில் மரை வெட்டவே வேண்டாம்.

10. அப்படியானால் 127 எப்போது தேவை? மரை நீளமாக இருக்கும்போதும், அதுவே அளவுகோலாகப் பயன்படும்போதும். முக்காலிக்குப் பொறுத்துக்கொண்ட அதே 0.06 சதவீதப் பிழை, 300 மி.மீ. நீளத் திருகில் 0.18 மி.மீ. ஆகிவிடும். மில்லிங் மேசைக்கோ இன்னொரு லேத்துக்கோ ஸ்குரூ செய்தால் அது ஒப்புக்கொள்ளக் கூடியதல்ல.

11. 127 வாங்கினாலும் மாட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். மாடியூல் 1-இல் அதன் வெளிவிட்டம் 129 மி.மீ.; பல சின்ன லேத்துகளில் மூடி மூடாது. அதற்கு மாற்றாக 63 பல் கியர். 80/63 என்பது 1.2698, வேண்டியது 1.27. எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். முக்காலித் திருகுக்கு 80/63, 40/60 என்று போட்டால் போதும். வெளிவிட்டமும் 65 மி.மீ.தான். என்னைக் கேட்டால், கூடுதலாக ஒரே ஒரு கியர் வாங்கப் பணம் ஒதுக்கியிருப்பவர் 63-ஐ வாங்கட்டும்.

12. அங்குல லீட் ஸ்குரூ உள்ள பழைய லேத் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ், ஆனால் இன்னும் அழகு. அங்குல மரைக்கு, லீட் ஸ்குரூவின் மரை எண்ணிக்கையை வெட்ட வேண்டிய மரை எண்ணிக்கையால் வகுங்கள்: 8 மரை ஸ்குரூவில் 14 வெட்ட 8/14, அதாவது 40/70. மெட்ரிக் வெட்ட, 8 மரை ஸ்குரூவில் பிட்ச்சை 40-ஆல் பெருக்கி மேலே போட்டு, கீழே 127. பிட்ச் 1 என்றால் 40/127, 1.25 என்றால் 50/127, 1.5 என்றால் 60/127. நம் ஊர்ப் பட்டறைகளில் காணப்படும் 4 மரை ஸ்குரூவுக்கு 40-க்குப் பதில் 20-ஆல் பெருக்கவும்.

13. தொலைநோக்கிப் பைத்தியம் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. புனேயில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. 1944-இல் தொடங்கிய வானியல் ஆர்வலர் சங்கமான ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா இங்கேதான் இருக்கிறது, வானியல் ஆய்வு மையமான ஐயூகாவும் இங்கேதான். கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தும் டி-வளையம் எம்42, பிட்ச் 0.75. பழைய திருகு லென்ஸ் கேமராக்களும் எம்42-தான், ஆனால் பிட்ச் 1. பெயர் ஒன்று, மரை வேறு. 1.5 லீட் ஸ்குரூவில் முதலாவதுக்கு 40/80; இரண்டாவதுக்கு 40/60. அலுமினியத்தில் மெல்லிய மரை என்பதால் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வெட்டினால் முகம் பளிச்சென்று வரும். இந்த மாதிரித் தோள் வரை போய் நிற்க வேண்டிய மரைகளுக்கு மோட்டாரையே நம்ப வேண்டாம். ஸ்பிண்டிலின் பின் துளையில் இறுகி உட்காரும் ஒரு கைப்பிடியைச் செய்து வைத்துக்கொண்டு கையால் சுற்றுங்கள். சரியான இடத்தில் நிறுத்தலாம், திருப்பலாம், பதற்றம் இல்லை.

14. கியர்களை இணைக்கும்போது பல்லோடு பல்லை நெருக்கி முறுக்காதீர்கள். நாளிதழை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே கொடுத்து, அழுத்திப் பிடித்து, குவாட்ரன்ட் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் அச்சு மட்டும் விழுந்து வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் நெருக்கம். சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் பிடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மின்சாரம்.

15. பிளாஸ்டிக் கியர் என்று முகம் சுளிக்க வேண்டாம். கேரேஜ் சக்கில் மோதினால் முதலில் உடைவது அதுதான்; அது உடைந்ததால் ஹாஃப் நட்டும் லீட் ஸ்குரூவும் பிழைக்கும். அடிக்கடி மாட்டுவதில் ஒரு மாற்றுக் கியர் மட்டும் வைத்திருங்கள். கிரீஸை அப்பினால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு பல்லை அரம் போல ராவிவிடும்.

16. எல்லாம் மாட்டியாயிற்றா? முதல் வெட்டு 0.05 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கம்பியில் கோடு விழுந்தால் போதும். நிறுத்தி, 10 மரையை ஸ்கேலில் அளங்கள். பிட்ச் 1.25 என்றால் 12.5 மி.மீ. வர வேண்டும். 50-ம் 60-ம் இடம் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். மெட்ரிக் வெளி மரையின் ஆழம் பிட்ச்சில் 0.613 பங்கு, எம்8-க்கு 0.77 மி.மீ. கடைசியில் கணக்கை நம்பாமல் நட்டைப் போட்டுப் பாருங்கள்.

17. ஹாஃப் நட்டை எப்போது திறக்கலாம்? லீட் ஸ்குரூவின் பிட்ச்சை வெட்டும் பிட்ச் மீதியில்லாமல் வகுத்தால் எங்கே வேண்டுமானாலும் திறந்து மூடலாம். 1.5 ஸ்குரூவில் 1.5, 0.75, 0.5 மூன்றும் அப்படி. மற்ற மெட்ரிக் பிட்ச்சுகளுக்குக் கேரேஜில் உள்ள மரை டயலைப் பார்க்க வேண்டும். மெட்ரிக் ஸ்குரூவில் அங்குல மரை, அல்லது அங்குல ஸ்குரூவில் மெட்ரிக் மரை என்றால், முடியும் வரை திறக்கவே கூடாது. டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை முழுக்க நிறுத்தி, எதிர்த்திசையில் ஓட்டித் தொடக்கத்துக்கு வாருங்கள். ஓடும்போதே திசை மாற்றினால் சின்ன லேத்தின் மின்னணுப் பலகை புகையும். சக் மரையில் ஏறி உட்காரும் வகையாக இருந்தால், எதிர்த்திசையில் அது கழன்றுவரும் என்பதையும் மறக்காதீர்கள், மெதுவாக ஓட்டுங்கள்.

18. பாதி மரையில் மின்சாரம் போனால் டூலை மட்டும் பின்னுக்கு எடுங்கள். ஹாஃப் நட், கியர், சக் எதையும் தொடாதீர்கள். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே போகலாம். ஆனால் அதுவரை மறக்காமல் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

19. பழைய கியர் தேடுபவர்களுக்கு மங்கள்வார் பேட்டை பக்கத்து ஜூனா பாஜார் உண்டு, புதன், ஞாயிறு. வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். கியரின் வெளிவிட்டத்தை, பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வருவதால் வகுத்தால் மாடியூல். 40 பல் கியர் 42 மி.மீ. என்றால் மாடியூல் 1. அதே 40 பல் 52.5 என்றால் 1.25, 53.3 என்றால் அது மைஃபோர்டு போன்ற ஆங்கிலேய லேத்துகளின் அங்குலக் கணக்குக் கியர். கடைசி இரண்டும் கையில் பிடித்தால் ஒன்று போலவே இருக்கும், ஆனால் கலந்து மாட்டினால் உறுமும், சீக்கிரம் தேயும். விலை பேசும் முன் அளந்துவிடுங்கள்.

20. புதிதாகவே செய்துகொள்வது இன்னொரு வழி. முப்பரிமாண அச்சில் எடுக்கும் கியர் சின்ன மரைகளுக்கு நன்றாகவே உழைக்கும்; வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் மட்டும் வளைந்துபோகும். இரும்பிலோ டெல்ரினிலோ வேண்டுமென்றால் போசரியில் கியர் ஹாபிங் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. மரைக்கு மராட்டியில் "ஆட்டே" என்பார்கள், ஆனால் கியருக்கு அங்கேயும் கியர்தான், பேச்சு சிரமமில்லை. வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்: மாடியூல், பல் எண்ணிக்கை, அழுத்தக் கோணம் (பெரும்பாலும் 20 பாகை, பழைய ஆங்கிலேய லேத் என்றால் 14.5), தடிமன், உள்துளை, சாவிக்குழியின் அகலமும் ஆழமும். கூடவே உங்கள் கியர் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். ஒரே கியருக்கு மெஷினை அமைக்கச் சில பட்டறைக்காரர்கள் தயங்குவார்கள். 63-ஐயும் இன்னொரு 40-ஐயும் சேர்த்துக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். வியாழக்கிழமை போகாதீர்கள், அந்தப் பக்கத் தொழிற்பேட்டைக்கு அன்றுதான் வார விடுமுறை.